நேஃபியான் இல்லாத நுண்ணுயிர் மின்கலம்: அகர்-உப்புத் தடுப்பு செய்யும் முறை

சேற்றிலுள்ள பாக்டீரியாவைக் கொண்டு மின்சாரம் எடுப்பதுதான் நுண்ணுயிர் மின்கலம்: ஒரு டப்பாவில் சேறு, இன்னொன்றில் காற்றுள்ள தண்ணீர். இரண்டு டப்பா, குளத்துச் சேறு, கார்பன் துணி, ஒயர் எல்லாம் சேர்ந்துவிடும். இழுத்தடிப்பது இரண்டு டப்பாவுக்கும் நடுவில் அயனிகளைக் கடக்கவிட வைக்கும் சவ்வுதான். அதற்கென்றே விற்கும் நேஃபியான் சவ்வு பள்ளி மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அகரும் உப்பும் போதும்.

ஆனால் நீளமான வளைகுழாயில் அகரை நிரப்பச் சொல்லும் படங்களை நம்பாதீர்கள். 2005இல் அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் லோகனின் குழு ஒப்பிட்டபோது, உப்புப் பாலம் (அகர் நிரப்பிய குழாய்) வைத்த கலத்தின் உள்மின்தடை சுமார் 20,000 ஓம்; சவ்வு வைத்ததில் 1,300 ஓம்தான். பாதை குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் தடை குறையும். ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் 3 செ.மீ. துண்டு போதும்.

1. குழாயின் உட்புறத்தை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்குங்கள். ஒரு வாயில் கொசுவலையைக் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்குங்கள்.

2. 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் 4 கிராம் அகர் தூளைக் கரைத்து, கலங்கல் தெளியும் வரை கொதிக்கவிடுங்கள். அப்புறம் 6 கிராம் உப்பு. கடற்பாசி இழையைவிடத் தூள்தான் எனக்குப் பிடிக்கும், அளவு தப்பாது.

3. கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி இளகும். 40 டிகிரிக்குக் கீழேதான் அகர் உறையும், அவசரமே இல்லை.

வழுவழுப்பான சுவரில் அகர் சுருங்கி விலகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில் காற்றுள்ள தண்ணீர் சேற்றுப் பக்கம் புகுந்தால் மின்னழுத்தம் விழுந்துவிடும். உப்புத்தாள் அதற்குத்தான். சோதிக்க, பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, ஒரு பக்கம் மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். சுவரோரம் கோடாக மை இறங்கினால் கசிவு. அகர் முழுக்க மெதுவாக நிறமேறினால் சாதாரணப் பரவல்தான், கவலை வேண்டாம். கசிந்தால் ஒட்டுப்போடாதீர்கள், பழைய அகர்மேல் புதியது பிடிக்காது. உருக்கித் திரும்ப ஊற்றுங்கள்.

பொருத்தும்வரை உப்புத்தண்ணீரிலேயே கிடக்கட்டும். காய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பின்சேர்க்கை: மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் எண் ஏறிக்கொண்டே போகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். உப்பு அகர் மாதிரி அயனிக் கடத்தியில் நேர்மின்னோட்டத்தால் அளந்தால் அப்படித்தான் ஆகும். 1,000 ஓம் மின்தடையைக் கலத்தோடு இணைத்து, அதன் குறுக்கே வோல்ட்டேஜ் பாருங்கள்.

"இந்த அகர் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) மட்டும் விடுமா?" விடாது. சோடியமும் பொட்டாசியமும் போகும். பி.எச். 7இல் புரோட்டான் மிகக் குறைவு என்பதால் நேஃபியானிலும் பெரும்பாலும் அவைதான் கடக்கின்றன. அதனால் கேத்தோடு (காற்றுள்ள தண்ணீர்) பக்கம் பி.எச். ஏறும், பி.எச். தாள் வைத்துப் பார்த்து, ஏறினால் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.