ஒற்றை ஜோடிக்கு முழு ஸ்டாக் வேண்டாம்

கோடையில் இரண்டு மூன்று முறை ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போவேன். யு.எஸ். 93 நெடுஞ்சாலையில் விக்கன்பர்க், விக்கியப், கிங்மேன் தாண்டி ஏறக்குறைய ஐந்து மணி நேரம். போவது டீப்-ஸ்டாக் போக்கர் போட்டிகளுக்கு, தொடக்கத்திலேயே நிறைய சிப்ஸ் கொடுக்கும் போட்டிகள் அவை. திரும்பும்போது அதே ஐந்து மணி நேரம், தோற்ற கையை மனதுக்குள் மறுபடி மறுபடி ஆடிக்கொண்டே வருவேன். பத்து வருஷம் இப்படி ஓட்டியதில் ஒன்று புரிந்தது. துரதிர்ஷ்டம் என்று நான் பெயர் வைத்திருந்த கைகளில் நிறைய கைகள் துரதிர்ஷ்டமே இல்லை. எந்தச் சீட்டு வரும் என்பது நம்மிடம் இல்லை. அது வந்து விழும்போது மேஜை நடுவில் எவ்வளவு சிப்ஸ் கிடக்கிறது என்பது பெரும்பாலும் நாம் முடிவு செய்வதுதான்.

இங்கே ஆடுவது நோ-லிமிட் ஹோல்டெம், அதன் விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஞாபகத்துக்கு மட்டும்: ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு; மேஜை நடுவில் முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்) திறக்கும், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பெட் சுற்று. பெட் போடாமல் கடந்தால் செக், எதிராளி போட்ட அளவே போட்டால் கால், அதை உயர்த்தினால் ரெய்ஸ், சீட்டை விட்டுவிட்டால் ஃபோல்ட்.

ஸ்டாக் (உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸ்) ஆழமா இல்லையா என்பதைச் சிப்ஸின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கக் கூடாது. பிக் பிளைண்டால், அதாவது சீட்டு வரும் முன்பே கட்டாயமாகப் போடும் இரண்டு தொகைகளில் பெரியதால், வகுத்துப் பார்க்க வேண்டும். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகத் தொடர் போக்கரின் மெயின் ஈவென்ட்டில் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், கையில் கொடுப்பது 60,000 சிப்ஸ். பிளைண்ட் 100-200இல் தொடங்குகிறது. அதாவது 300 பிக் பிளைண்ட். ஒவ்வொரு லெவலும், அதாவது பிளைண்ட் அடுத்து ஏறும் வரை, இரண்டு மணி நேரம். 2024இல் அதில் 10,112 பேர் ஆடினார்கள். நான் ஆடுவது அதற்கு வெகு கீழே, 600 டாலர் போட்டிகள். 40,000 சிப்ஸ், 40 நிமிட லெவல், தொடக்கத்தில் 200 பிக் பிளைண்ட். 20 பிக் பிளைண்ட் இருக்கும்போது இரண்டு ஏஸ் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் உள்ளே தள்ளலாம். 200 இருக்கும்போது அதே இரண்டு ஏஸ் ஃபிளாப்புக்குப் பிறகு வெறும் ஒரு ஜோடி. இந்த வித்தியாசத்தைப் படிக்க எனக்கு ஒரு முழு ஸ்டாக் செலவானது.

அந்தக் கையைச் சொல்கிறேன். முதல் லெவல், 100-200, பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பிக் பிளைண்டில் இருப்பவர் மேஜைக்கே சேர்த்துப் போடும் கூடுதல் தொகை) 200. நடு இடத்திலிருந்து இஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ். 600 போட்டேன். பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும், அதாவது முடிவு சொல்லும் இடம்) தொப்பி போட்ட ஒரு பெரியவர் கால் செய்தார், பிக் பிளைண்டும் வந்தார். பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) 2,100. ஃபிளாப் 9, 6, 3, மூன்றும் வேறு வேறு ஜாதி. 1,500 போட்டேன். பெரியவர் மட்டும் கால். டர்னில் ஜாக்கி. 4,000 போட்டேன், கால். ரிவரில் 2. 9,000 போட்டேன். அவர் சிப்ஸை எண்ணக்கூட இல்லை, இரண்டு கையாலும் அடுக்கை முன்னால் தள்ளி "ஆல்-இன்" என்றார். என்னிடம் மிச்சம் 24,900. ஐந்து நொடி கூட யோசிக்காமல் கால் செய்தேன். அவர் திருப்பிக் காட்டியது இரண்டு 6. ஃபிளாப்பில் கிடந்த 6ஓடு சேர்த்து மூன்று, அதாவது செட்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன். "ஏங்க, ஏஸ் ஜோடி வச்சிருந்து தோத்துட்டேன், இப்படி ஒரு துரதிர்ஷ்டம்" என்றேன். அவர் போக்கர் ஆடமாட்டார், ரம்மி மட்டும்தான். "எவ்வளவு உள்ள போட்ட?" என்று கேட்டார். எல்லாம் என்றேன். "நல்ல சீட்டு வந்தாலும் ஆட்டம் போற போக்கைப் பாத்து மிடில் டிராப்ல 40 குடுத்துட்டு எழுந்திருவோமே, இதுல டிராப்பே கிடையாதா?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஆனால் நான் அந்தக் கேள்வியோடுதான் கிங்மேன் வரை ஓட்டினேன். ரம்மியில் முதலிலேயே விட்டால் 20, நடுவில் விட்டால் 40, கடைசிவரை பிடித்துத் தோற்றால் 80. எந்த இடத்தில் எவ்வளவு போகும் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்த எனக்கு, போக்கர் மேஜையில் மட்டும் அது மறந்துபோயிருந்தது. ஜோடி கையில் வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் செட் விழுவது எட்டரை முறைக்கு ஒருமுறை. அது நடந்தது அவருடைய அதிர்ஷ்டம், சரி. 2,100 பாட்டை 80,000 ஆக்கியது அதிர்ஷ்டம் இல்லை. அதில் பெரும்பகுதியை நான்தான் கட்டினேன்.

முதலில் படிக்க வேண்டியது பாட் எப்படி வளர்கிறது என்பதை. ஃபிளாப்பில் பாட் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தில் இரண்டு பேர். ஒவ்வொரு முறையும் பாட் அளவுக்கே பெட் போட்டு, எதிராளி கால் செய்துகொண்டே வந்தால் 1,500 என்பது 4,500 ஆகும், பிறகு 13,500, ரிவர் முடியும்போது 40,500. ஃபிளாப்புக்குப் பிறகு உங்கள் பையிலிருந்து போனது 19,500. அதே மூன்று சுற்றிலும் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டால் 1,500 என்பது 2,500 ஆகும், பிறகு ஏறக்குறைய 4,200, கடைசியில் 6,900. உங்கள் பையிலிருந்து போனது 2,700. அதே சீட்டு, அதே எதிராளி, அதே மூன்று பெட். ஒன்றில் பாதி ஸ்டாக் போகிறது, மற்றதில் 14 பிக் பிளைண்டுக்கும் குறைவு. ஒரு சுற்றில் செக் செய்துவிட்டால் இன்னும் சின்னதாகும். நான் கணக்கு வேலை செய்பவள், இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி ஒரு கோடை முழுவதும் பர்ஸில் வைத்திருந்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். படித்தால் மறந்துவிடும், கையால் பெருக்கிப் பார்த்தால் மறக்காது.

இந்த ஆட்டமுறையை 'ஸ்மால் பால்' என்ற பெயரில் பரப்பியவர் போக்கர் ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு. பேஸ்பாலிலிருந்து எடுத்த சொல் அது. ஒரே அடியில் மைதானத்துக்கு வெளியே அனுப்பாமல், ஒவ்வொரு தளமாக நகர்ந்து ரன் எடுப்பது. மேஜையில் அதை நான் செய்யும் விதம் இது.

முதல் ரெய்ஸ் பிக் பிளைண்டைப் போல இரண்டேகாலிலிருந்து இரண்டரை மடங்கு. 100-200இல் 450 அல்லது 500. எந்தச் சீட்டாக இருந்தாலும் அதே அளவு. இரண்டு ராஜா வந்தால் 800, ஜாக்கி-பத்து வந்தால் 450 என்று மாற்றினால், கவனமாகப் பார்ப்பவர் அரை மணி நேரத்தில் உங்களைப் படித்துவிடுவார்.

பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் நிறைய கை ஆடுங்கள். முன் இடங்களில் குறைவாக. கடைசியாகப் பேசுபவருக்குத்தான் பாட்டின் அளவு கட்டுப்படும். எதிராளி செக் செய்தால் நீங்களும் செக் செய்து அந்தச் சுற்றை இலவசமாகக் கடக்கலாம். முன்னால் பேசுபவருக்கு அந்த வசதி இல்லை.

சின்ன ஜோடிகளுக்கும், அடுத்தடுத்து வரும் ஒரே ஜாதிச் சீட்டுகளுக்கும் (8-7 இஸ்பேடு போல) ஆழமான ஸ்டாக்கில்தான் மதிப்பு. 500 கொடுத்து ஃபிளாப் பார்க்கிறீர்கள், விழுந்தால் எதிராளியிடம் வாங்க 40,000 இருக்கிறது. விழவில்லையா, 500 போனது, அவ்வளவுதான். எதிராளியிடம் மிச்சம் இருப்பது நீங்கள் கால் செய்யும் தொகையைப் போல 15, 20 மடங்குக்குக் குறைவு என்றால் செட் தேடிப் போகாதீர்கள்.

ஒற்றை ஜோடி, அது ஏஸாகவே இருந்தாலும், மூன்று சுற்றில் இரண்டுக்கு மேல் நீங்களாகப் பெட் போடக் கூடாது. குறைந்தது ஒன்றில் செக். அடுத்த வருஷம் இரண்டு ராஜாவோடு இதைச் செய்து பார்த்தேன். முன் இடத்திலிருந்து 500 போட்டேன், பட்டன் கால், பாட் 1,500. ஃபிளாப் ராணி, 8, 5. 500 போட்டேன், கால். டர்னில் 7. செக் செய்தேன், அவர் 1,200 போட்டார், கால் செய்தேன். ரிவரில் இன்னொரு 7. மறுபடி செக், அவர் 3,000, கால். அவர் காட்டியது 8-8, ஃபிளாப்பிலேயே செட். எனக்குப் போனது மொத்தம் 5,200. மிச்சம் 34,800, இன்னும் 170 பிக் பிளைண்டுக்கு மேல். பக்கத்திலிருந்தவர் "பாவம்" என்றார். எனக்கு வருத்தமே இல்லை, உண்மையில் மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது. மிடில் டிராப் மாதிரிதான்.

இதைப் பயந்து ஆடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்ன பாட் என்பது நடுத்தரமான கைக்கு. செட், ஸ்ட்ரெயிட், ஃபிளஷ் விழுந்தால் மறைத்து வைத்துக்கொண்டு செக் செய்யாதீர்கள். முதல் சுற்றிலிருந்தே போடுங்கள், மூன்றில் இரண்டு பங்கு, முக்கால் பங்கு. மேலே சொன்ன பெருக்கல் இப்போது உங்களுக்காக வேலை செய்யும். அந்தப் பெரியவர் என்னிடம் ஃபிளாப்பிலேயே ரெய்ஸ் செய்திருந்தால்கூட நான் கொடுத்திருப்பேன்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. உங்களுக்கு இடது பக்கம் ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் ரெய்ஸ் செய்யும்போதெல்லாம் திரும்ப ரெய்ஸ் செய்தால் சின்ன பாட் ஆட்டம் திணறும். அப்போது ஆடும் கைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். 9-8 மாதிரி கைகளோடு அவருக்கு முன்னால் முதல் ரெய்ஸ் போடாதீர்கள். நல்ல கை வந்தால் நீங்களும் திரும்ப ரெய்ஸ் செய்யுங்கள். "பார்த்துவிடலாம்" என்று கால் செய்து, ஃபிளாப் வந்ததும் விட்டுவிடுவதுதான் மிக மோசமான வழி. என் சிப்ஸ் அதிகம் கரைந்தது அதில்தான். பிளைண்ட் ஏறி உங்களிடம் 30 பிக் பிளைண்ட் ஆனதும் ஆட்டம் மாறிவிடும், சின்ன ஜோடிகளும் ஒரே ஜாதிச் சீட்டுகளும் மதிப்பிழக்கும். 12க்குக் கீழே ஆல்-இன் அல்லது ஃபோல்ட்.

அப்புறம், உண்மையான துரதிர்ஷ்டம். அது கண்டிப்பாக வரும். 2010 மெயின் ஈவென்ட்டில் 15 பேர் மிச்சம் இருக்கும்போது மேட் ஆஃப்லெக் இரண்டு ஏஸோடும் ஜோனத்தான் டுஹமெல் இரண்டு ஜாக்கியோடும் மோதினார்கள். ஃபிளாப் 10, 9, 7. டர்னில் ராணி. ஆஃப்லெக் ஆல்-இன், டுஹமெல் நீண்ட நேரம் யோசித்துக் கால் செய்தார். அவருக்கு உதவக்கூடிய சீட்டுகள் பத்து: நான்கு 8, நான்கு ராஜா, இரண்டு ஜாக்கி. 44இல் பத்து, அதாவது 23 சதவீதம். ரிவரில் 8 விழுந்தது. பாட்டில் 4 கோடிக்கும் மேல் சிப்ஸ். டுஹமெல் அந்த வருஷம் பட்டம் வென்றார், ஆஃப்லெக் 15ஆவது. அந்த இடத்தில் ஆஃப்லெக்கின் மீது நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பிளைண்ட் ஏறிய பிறகு இப்படிப்பட்ட மோதலைத் தவிர்க்க முடியாது.

ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். 80 சதவீதம் ஜெயிக்கும் ஆல்-இன் ஒன்று நல்லதுதான். இரண்டும் ஜெயிக்க 64 சதவீதம், மூன்று ஜெயிக்க 51, ஐந்து ஜெயிக்க 33. ஏஸ் ஜோடியோடு மட்டுமே ஆல்-இன் போனாலும், ஐந்து முறை உயிரைப் பணயம் வைத்தால் மூன்றில் இரண்டு முறை வெளியேதான். எதிராளியைவிட உங்களிடம் அதிகம் இருந்தால் மட்டும் தோற்றாலும் நாற்காலி மிச்சம். சின்ன பாட்டுகளை வரிசையாக ஜெயிப்பதன் பயனே அதுதான், முதல் நாளின் ஆறு மணி நேரத்தில் 500உம் 1,200உமாகச் சேர்த்தது, இரவு பத்து மணிக்கு ஒரு அடியைத் தாங்கிக்கொள்ளும்.

போன கோடையில் எனக்கு அப்படி ஆனது. 1,000-2,000 பிளைண்ட், ஆன்ட்டி 2,000. என்னிடம் 75,000, எதிராளியிடம் 62,000. என் கை 9-9, ஃபிளாப் ராஜா, 9, 4. எல்லாம் உள்ளே போனது, அவரிடம் இரண்டு ஏஸ். பதினொன்றில் பத்து முறை நான் ஜெயிக்க வேண்டிய இடம். டர்னில் ஆட்டின் ஏஸ். டீலர் சீட்டை வைத்த விரலை எடுப்பதற்குள் மேஜையே "ஓ" என்றது. 13,000 மிச்சம், ஆறரை பிக் பிளைண்ட்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுந்திருங்கள். பிளைண்ட் இரண்டும் உங்களைத் தாண்டியிருந்தால் ஒன்பது பேர் மேஜையில் அடுத்த ஏழு கைக்கு ஒரு சிப் கூடப் போகாது. இரண்டு கை உட்காராமல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை, கோபத்தில் தள்ளியிருக்கக்கூடிய இரண்டு கை அவை. நான் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, பையிலிருந்த நோட்டை எடுத்தேன். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பேன். இடது பக்கம் 'சீட்டு செய்தது', வலது பக்கம் 'நான் செய்தது'. மூன்றே விஷயம் எழுதுவேன்: ஆல்-இன்னுக்கு முன் எத்தனை பிக் பிளைண்ட், யார் கடைசியாகப் பேசினார், உள்ளே போகும்போது யார் முன்னால் இருந்தார். தொப்பிக்காரரிடம் தோற்ற கைக்கு வலது பக்கம் அரைப் பக்கம் நிரம்பியிருக்கிறது. இந்தக் கைக்கு இடது பக்கம் "டர்ன், ஆட்டின் ஏஸ்" என்று எழுதினேன். வலது பக்கம் எழுத ஒன்றும் இல்லை. நோட்டை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

போட்டியை விட்டு வெளியேறிவிட்டால் மறுநுழைவு வரிசை அங்கேயே கண்ணுக்கு எதிரில் நிற்கும். இன்னொரு 600 டாலர் கட்டுவதற்கு முன் அந்த நோட்டை எழுதி முடியுங்கள். வலது பக்கம் நீளமாக வந்தால் அன்றைக்குக் கட்ட வேண்டாம். நான் அப்படிப்பட்ட நாளில் நேராகக் கார் நிறுத்தத்துக்குப் போய்விடுவேன், இருட்டுவதற்குள் விக்கியப் தாண்டிவிடலாம்.