விண்டேஜ் ஷாம்பெயின்: பலரும் செய்யும் தவறுகள்

லேபிளில் 2008 என்று பார்த்ததும், பழசாக ஆக ஆக ருசி ஏறும் என்று பாட்டிலை வருடக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் முதல் தவறு. அந்த எண் சொல்வது, திராட்சை முழுக்க அந்த ஒரு வருட அறுவடை என்பதை மட்டும்தான். பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் குளிரும் மழையும் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் பெரும்பாலான பாட்டில்களில் பல வருட ஒயின்களைக் கலந்து சுவையை ஒரே மாதிரி வைத்துக்கொள்வார்கள். நல்ல வருடம் அமைந்தால்தான் விண்டேஜ்.

காத்திருப்பின் பெரும்பகுதி கடைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒயினோடு சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து பாட்டிலை மூடினால் உள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும், வெளியேற வழியில்லாத வாயு ஒயினில் கரைந்துவிடும். வேலை முடிந்து செத்த ஈஸ்ட் அடியில் படிந்து மெல்லச் சிதையும். ரொட்டி, வறுத்த பருப்பு வாசனையெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. சாதாரண ஷாம்பெயினுக்கு மொத்தம் 15 மாதம் போதும், விண்டேஜுக்கு விதிப்படி குறைந்தது 3 வருடம், நல்ல தயாரிப்பாளர்கள் அதைத் தாண்டியும் வைத்திருப்பார்கள். அப்புறம் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சாய்த்து வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தை உறையவைத்து வெளியே தள்ளி, தேவைப்பட்டால் சிறிது சர்க்கரை சேர்த்துத் தக்கை போடுவார்கள். வண்டல் போன பிறகு ஒயின் முதிரும் விதமே வேறு. அதனால் பின் லேபிளில் வண்டல் நீக்கிய தேதி இருந்தால் அதையும் பாருங்கள், அறுவடை வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐஸ் போலக் குளிர வைப்பது இரண்டாவது தவறு, இதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அத்தனை வருடம் சேர்ந்த வாசனையைக் குளிர் அமுக்கிவிடும், நாக்கில் புளிப்பும் நுரையும்தான் மிஞ்சும். 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். ஒல்லியான உயரக் கிளாஸும் வேண்டாம், வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய ஒயின் கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். முதலில் எலுமிச்சை, ஆப்பிள், சற்றுச் சூடேறியதும் தேன், பாதாம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முதிர்ந்த பாட்டிலில் குமிழி மென்மையாக இருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது இயல்பு.

இனிப்பு வேண்டாம் என்று, 'டிரை' என்றால் இனிப்பில்லாதது என நம்பி 'எக்ஸ்ட்ரா டிரை' வாங்குபவர்களும் உண்டு. அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை, லேபிளில் 'ப்ரூட்' என்று போட்ட வகையில்தான் இனிப்பு குறைவு, 12 கிராமுக்கும் கீழே.

திறக்கும்போது தக்கையைப் பறக்கவிடாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தக்கையைச் சுற்றியிருக்கும் கம்பியைத் தளர்த்தியதிலிருந்து கட்டை விரலைத் தக்கையின் மேலேயே வைத்திருங்கள், பாட்டிலைச் சாய்த்து, தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். மிச்சம் இருந்தால் பாட்டில் கழுத்தில் ஸ்பூன் செருகி வைப்பதில் பலன் இல்லை, ஷாம்பெயினுக்கான இறுக்கமான மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே குடித்துவிடுங்கள்.