தோட்டத்துத் திடல்லேர்ந்து வெளிநாட்டு கோச் ஆகணும்னா

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் சாயந்தரம் அஞ்சரை ஆச்சுன்னா ஏதாவது ஒரு தோட்டத்துத் திடல்ல ஒரு அண்ணன் விசிலோட நிப்பாரு, சம்பளம் கிடையாது, பந்து கூட சொந்தக் காசுல வாங்குனது, தமிழ்ப்பள்ளி பசங்களுக்கு கால்பந்துன்னா அவருதான் எல்லாம். அந்த மாதிரி அண்ணன்கள்ல இன்னும் வயசு இருக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா இதையே தொழிலா வெச்சு வெளிநாட்டுல போயி வேலை பாக்க முடியும், வழி தெரியாததால தான் நம்ம ஆளுங்க திடலோட நின்னுடுறாங்க.

முதல்ல லைசென்ஸ். எஃப்ஏஎம், அதாவது மலேசியக் கால்பந்துச் சங்கம், நடத்துற டி லைசென்ஸ், அப்புறம் ஏஎஃப்சி, அதாவது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போட சி, பி, ஏ, கடைசியா புரோ. தாவ முடியாது, ஒண்ணு ஒண்ணா தான் ஏறணும், நடுவுல நீங்க உண்மையிலேயே ஒரு டீம நடத்தியிருக்கீங்களான்னு கேப்பாங்க, அதனால சி முடிச்ச கையோட ஸ்கூல் டீமோ கிளப்போட ஜூனியர் டீமோ ஒண்ண பிடிச்சிடுங்க. நம்ம ஆளுங்க நிறைய பேரு கோட்டை விடுறது திடல்ல நடக்குற சோதனையில தான். ஆட்டத்த நிறுத்தி, ரைட் பேக், அதாவது வலது பக்கம் தடுக்கிற பையன், எங்க நிக்கிறான், உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பந்து வர்றதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னால ஒரு தடவ பாத்தானா, இத காட்டி, அவனையே திரும்ப செய்ய வெச்சு, உடனே ஆட்டத்த ஓட விட்டுடணும். நாம அங்க நின்னு அஞ்சு நிமிஷம் பேசுவோம், பசங்களுக்கு வேர்வ காஞ்சிடும். வீட்டுப் பாடம் என்னன்னா, மோட்டர் சீட்டுல ஃபோன சாச்சு வெச்சு உங்க பயிற்சிய முழுசா ரெக்கார்ட் பண்ணுங்க, ராத்திரி போட்டுப் பாருங்க, பந்து உருண்ட நேரம் அதிகமா உங்க வாய் அசைஞ்ச நேரம் அதிகமான்னு தெரிஞ்சிடும். அந்த வீடியோல நல்ல பாகத்த வெட்டி வெச்சீங்கன்னா பின்னாடி வேலைக்கு எழுதும்போது அதுதான் உங்க சிவி.

நம்மாளுங்களால முடியுமான்னு யாராவது கேட்டா கோச் கே. ராஜகோபால் மலேசியாவுக்கு 2009 சீ விளையாட்டுல (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கமும், தென்கிழக்காசிய நாடுகள் மோதுற சுசுகி கப்ப 2010லயும் எடுத்துக் குடுத்ததையும், அதே 2010ல பி. சத்தியநாதன் கிளந்தான் மாநில டீமுக்கு மலேசியக் கிண்ணம் வாங்கிக் குடுத்ததையும் சொல்லுங்க. வெளிநாடுன்னா சிங்கப்பூர் வி. சுந்தரமூர்த்தி, 2013ல நம்ம லீக்ல ஆடுன சிங்கப்பூர் டீம் லயன்ஸ் டுவெல்வ வெச்சு மலேசிய சூப்பர் லீக்க ஜெயிச்சாரு, சிங்கப்பூர் தேசிய டீம பாத்தாரு, அப்புறம் லாவோஸ் போனாரு. மலேசிய கோச் டான் செங் ஹோ நம்ம தேசிய டீம விட்டப்புறம் தாய்லாந்து கிளப்புக்குப் போனாரு. நான் ரொம்ப கவனிக்கிற ஆளு பொஜான் ஹோடாக், குரோஷியாக்காரர், 2012ல கிளந்தானோட மூணு கிண்ணம், 2021ல கேஎல் சிட்டியோட மலேசியக் கிண்ணம், அங்கேர்ந்து இந்தோனேசியாவுல பண்டுங் போயி அந்த ஊர் கிளப் பெர்சிப்புக்கு 2023-24, 2024-25ன்னு அடுத்தடுத்து லீக் பட்டம். ஒரு வட்டாரத்துலயே சுத்தினா நாம போறதுக்கு முன்னாடியே நம்ம பேரு அங்க போயிடுது.

அதனால ஐரோப்பான்னு ஆரம்பிக்காதீங்க. மலாய் தெரிஞ்சவனுக்கு இந்தோனேசியாவும் புருணையும் பக்கத்து வீடு, அங்க டிரெஸ்ஸிங் ரூம்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாம ஒரு பையன தனியா கூப்பிட்டுப் பேச முடியும், ஐரோப்பாலேர்ந்து வர்ற கோச்சுக்கு அது சுலபத்துல வராது. தமிழ் இருக்கு, சென்னைலயும் அகாடமி இருக்கு. ஆனா முதல் வேலையே ஹெட் கோச்சா தான் வேணும்னு நிக்காதீங்க, அசிஸ்டன்ட், ஜூனியர் டீம், கோல்கீப்பர் கோச்சுன்னு எது கெடச்சாலும் போங்க.

இப்ப கான்ட்ராக்ட், இத தான் நான் கெஞ்சிக் கேக்குறேன், ஒழுங்கா படிங்க. நம்ம பக்கத்து அண்ணன் ஒருத்தர் வாட்ஸ்அப் பேச்ச நம்பிப் போனாரு, மூணு மாசம் சம்பளம் இல்ல, கையில ஒரு பேப்பரும் இல்ல, கடன் வாங்கித்தான் திரும்புனாரு. 2021லேர்ந்து ஃபிஃபா விதியில கோச்சுகளுக்குன்னே தனி பாகம் இருக்கு. கான்ட்ராக்ட் எழுத்துல இருக்கணும், சம்பளம் எவ்வளவு, எத்தன நாளு, ரெண்டு பக்க கையெழுத்து எல்லாம் அதுல இருக்கணும். விசா கெடச்சாதான் கான்ட்ராக்ட் செல்லும்னு ஒரு வரி போட்டா அது விதிக்கு எதிரானது, எடுக்கச் சொல்லுங்க. டூரிஸ்டா வாங்க அப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னா விமானமே ஏறாதீங்க. வேலை வாங்கித் தர்றேன்னு முன்பணம் கேக்குற ஏஜெண்ட அப்பவே பிளாக் பண்ணிடுங்க.

ரெண்டு மாசச் சம்பளம் வரலன்னா சண்ட போடாதீங்க, லெட்டர் எழுதுங்க. இந்த மாசம் இவ்வளவு, அடுத்த மாசம் இவ்வளவு, மொத்த பாக்கி இவ்வளவு, 15 நாளுக்குள்ள கட்டணும், தேதி, கையெழுத்து, அவ்வளவுதான், இமெயில்லயும் அனுப்புங்க. அந்த 15 நாள் தாண்டியும் வரலன்னா நியாயமான காரணத்தோட நீங்க கான்ட்ராக்ட முறிச்சிக்கலாம், பாக்கிக்கு ஃபிஃபா கிட்ட புகார் போடலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி கோவத்துல பெட்டி கட்டிட்டு வந்துட்டீங்கன்னா, ஓடிப்போனது நீங்கன்னு அவங்க திருப்பிடுவாங்க.

வீட்டு வாடகை, வருஷத்துக்கு எத்தன டிக்கெட், மருத்துவ இன்சூரன்ஸ், இதெல்லாம் பேச்சுல இல்லாம பேப்பர்ல வாங்குங்க. வெளிநாட்டு முதலாளி உங்க கேடபிள்யூஎஸ்பில, அதாவது மலேசிய சேமநிதியில, காசு போட மாட்டான், மாசா மாசம் நீங்களே போட்டுக்குங்க, இந்தத் தொழில்ல வேலை எப்ப போகும்னு சொல்ல முடியாது.

போகும்போதும் ஒரு வேலை இருக்கு. தோத்துட்டு வந்த ராத்திரியே கூப்பிட்டு ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுறோம்னு ஒரு பேப்பர நீட்டுவாங்க, பாக்கி எவ்வளவு எந்தத் தேதிக்குள்ளன்னு அதுல இல்லாம கையெழுத்து போடாதீங்க. காரணம் இல்லாம நீக்குனா மிச்ச கான்ட்ராக்ட் காச நஷ்ட ஈடா கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, நடுவுல வேற வேலை கெடச்சா அந்தச் சம்பளத்த அதுல கழிப்பாங்க. அந்தப் பேப்பர ஒரு படம் எடுத்துக்கிட்டு, வக்கீலுக்குக் காட்டிட்டு காலையில பேசுறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.