‘நம்ம பையன்களே இப்படித்தான்’: சமூகவியல் கோட்பாட்டைக் கையாளும்போது நேரும் தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில், அடுக்குமாடி ஒன்றில் சனிக்கிழமைதோறும் டியூஷன் நடத்துகிறோம். படிப்பை விட்டுவிட்டுக் குண்டர் கும்பலோடு திரியும் தமிழ்ப் பையன்களைப் பற்றிப் பேச்செடுத்தால், “நம்ம பையன்களே இப்படித்தான்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உதவிக்கு வரும் சமூகவியல் மாணவர்கள் அதையே ‘வறுமைப் பண்பாடு’ என்கிறார்கள்; அதாவது, ஏழைகளின் பழக்கவழக்கங்களே தலைமுறை தலைமுறையாக அவர்களை ஏழைகளாக வைத்திருக்கின்றன என்று. அந்தச் சொல்லைத் தந்த அமெரிக்க மானிடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ், ஏழைகள் தள்ளப்பட்ட பொருளாதார நிலையோடு சேர்த்தே அதைப் பேசினார். இங்கே அந்தப் பாதி விடுபட்டு, பழி மட்டும் மிஞ்சுகிறது.

பழைய பழிக்குப் புதுப் பெயர் சூட்டுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. காலனிய முதலாளிகளின் தோட்டத்துக்குக் கூலியாகப் போக மறுத்து, சொந்த வயலில் உழைத்த மலாய்க்காரர்களுக்கு ‘சோம்பேறி’ பட்டம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை நம் மலேசிய அறிஞர் சையத் ஹுசேன் அலாதாஸ் 1977-லேயே எழுதிவிட்டார். சிகாகோ நகரை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் 1942-ல் வேறொன்றைக் காட்டினார்கள்: சில பகுதிகளில் குடியிருந்த இனங்கள் மாறிக்கொண்டே இருந்தும், சிறார் குற்ற விகிதம் அங்கே உயர்ந்தே இருந்தது. இனத்தைப் பழிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காகச் சிகாகோவை அப்படியே செந்தூலில் ஒட்டவும் கூடாது. அங்கே வசதி வந்தவர்கள் வேறிடம் பெயர்ந்தார்கள். நம்மில் பல குடும்பங்கள் வந்த வழி வேறு. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனை) வீடமைப்புக்கும் மாறியபோது வேலையோடு வீடும் போனது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டுப் பெரியம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டாவது மாடியில், அம்மா இரவு ஷிப்டுக்குப் போனால் யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் விசாரிக்காமல் மேல்நாட்டுச் சிந்தனையைக் கடன் வாங்குவதைத்தான் அலாதாஸ் ‘சிறைப்பட்ட மனம்’ என்றார்.

எல்லாம் அமைப்பின் குற்றம் என்று சொல்லிக் கைகட்டி நிற்பதும் தவறே. திங்கட்கிழமை, படிப்பை விட்ட அந்தப் பையனுக்கு என்ன செய்வது?

ஒரு கூட்டத்துக்குப் பொருந்தும் விகிதத்தை ஓர் ஆளின் நெற்றியில் ஒட்டும் தவறை நானே செய்தேன். வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவனை, தோட்டத்துக் குடும்பம், கும்பல் சகவாசம் என்று நானாக முடிவுகட்டினேன். ஆறு மாதம் கழித்துத்தான் நேரில் கேட்டேன்.

“ஐசி (அடையாள அட்டை) இல்ல சார். பிறப்புப் பத்திரமே இல்ல. பரீட்சை எழுத விடுவாங்களான்னு பயமா இருந்துச்சு.”

இப்போது சேரும் வாரத்திலேயே பத்திரங்களைக் கேட்கிறோம். இல்லாத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போகிறோம்.