குதித்து இறங்கும்போது செய்யும் தவறுகள்: வேலூர் நடனப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

நவராத்திரி வந்தால் வேலூர், காட்பாடிப் பக்கம் பரதநாட்டியப் பிள்ளைகளுக்கு ஓய்வே கிடையாது. இன்று கோயில் கல்தளம், நாளை கல்யாண மண்டபத்து டைல்ஸ். முட்டி வலி என்று யாராவது உட்கார்ந்துவிட்டால் "ரொம்பக் குதிச்சிட்டா" என்கிறோம். எவ்வளவு குதித்தாள் என்பதைவிட எப்படி இறங்கினாள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளில் குதித்து மெட்டு அடவையே எடுத்துக்கொள்வோம். அதன் சொற்கட்டு தை ஹத் தை ஹி. முன்பாதத்தில் குதித்து, பிறகு குதிகாலைத் தட்டுகிறோம். காலம், அதாவது வேகம், ஏற ஏற அரைமண்டி (முட்டியை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை) மெல்லக் கரைந்து, முட்டி நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த காலில் குதிகால் விழுந்தால் அதிர்ச்சியைத் தொடைத் தசை வாங்காது. எலும்பும் மூட்டும்தான் வாங்கும். மேற்கத்திய நடனமான பாலேவில் ஒவ்வொரு குதிப்பும் ப்ளியே என்ற முட்டி மடிப்பில் தொடங்கி அதிலேயே முடியும். விரல், முன்பாதம், குதிகால் என்று பாதம் வரிசையாகத் தரையில் படியும். நம் அடவில் தட்டு உண்டு, சரி. ஆனால் மடிப்பு நமக்கும் அதே அளவு அவசியம்.

அடுத்தது, பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்புவது. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு தராத கோணத்தைப் பாதத்தில் வலிந்து எடுத்தால் முட்டி உள்ளே சாயும், உள்ளங்கால் வளைவும் சரியும். முன்னால் போனை வைத்து வீடியோ எடுங்கள். இறங்கும் நொடியில் முட்டி காலின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறதா? இல்லையென்றால் திருப்பத்தைக் குறையுங்கள். மேடையில் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் தெரியட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கணுக்கால் சுளுக்கு. வீக்கம் வடிந்ததும் சலங்கையைக் கட்டிவிடுகிறார்கள். வலி போனாலும், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு உடனே திரும்பாது. அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகுகிறது. வெறுங்காலில், சுவர் பக்கமாக, ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடி நிற்கட்டும். அடிபட்ட கால் மற்றதைவிட அதிகம் ஆடினால் இப்போது குதிப்பு வேண்டாம். தினமும் இதையே பயிற்சியாகச் செய்து, அப்புறம் ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவதைச் சேர்க்கலாம்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலே அரங்குகளில் அடியில் இடைவெளி விட்ட, லேசாக அமுங்கும் மரத்தளம் போடுவார்கள். நமக்கு மொட்டைமாடி சிமென்ட்தான். அதற்காக மெத்தை போன்ற பஞ்சு விரிப்பில் குதிக்கவும் கூடாது, கணுக்கால் புரளும். சிமென்ட் தரையில் மூன்றாம் காலக் குதிப்பைக் களைத்துப்போன கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊரில் தைலம் தேய்த்து நாள் கடத்தாமல், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.