மகனின் இயர்பட்ஸும் பாம்பனின் உப்புக்காற்றும்

முழங்காலில் கிழிந்த ஜீன்ஸைக் கூடுதல் விலைக்கு வாங்கி வந்த என் மகன், அதைத் தைத்துத் தரட்டுமா என்று நான் கேட்டதற்கு ஏன் சிரித்தான் என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் கம்பியில்லாத அவனுடைய இயர்பட்ஸில் ஒன்று சார்ஜ் ஏறாமல் நின்றபோது, அது எனக்குப் புரிகிற வேலையாக இருந்தது. பாம்பனில் கடற்காற்றோடு வரும் உப்பு உலோகத்தின் மீது படிந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதாலும், காது வியர்வையிலும் உப்பு இருப்பதாலும், மின்தொடர்பு முனைகள் எளிதில் அரிக்கப்படுகின்றன. இயர்பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றும் பெட்டிக்குள்ளிருந்த சின்னஞ்சிறு பின்களில், படகு பேட்டரியின் முனைகளில் நான் பார்த்துப் பழகிய அதே பச்சை பூத்திருந்தது.

தண்ணீரைத் தொடாமல், சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால், பின்கள் வளைந்துவிடாதபடி துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே இயர்பட்ஸை உள்ளே வைத்தேன், விளக்கு எரிந்தது. அரிசியில் புதைத்து வைக்கச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். அரிசித் தூசு உள்ளே போவதைத் தவிர அதனால் வேறு பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் மட்டுமே பாடியதால், போனின் புளூடூத் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடியும் இணைக்க வேண்டியிருந்தது. இப்போது இரவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக மூடிய டப்பாவில் அவற்றை வைக்கிறான்.