புரோகிராமர் பெயருக்கு நேரே எண் போடாதீர்கள்

குழித்துறையில் காலை ரயிலைப் பிடித்து திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு ஐ.டி. வேலைக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் டீ மெஷின் பக்கத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். யார் எத்தனை கமிட் (புரோகிராமில் செய்த மாற்றத்தைப் பதிவது) போட்டார், எத்தனை டிக்கெட் (ஒதுக்கிய வேலை) முடித்தார் என்று பெயரோடு வரிசையாக ஓடும். மூன்றாவது வாரமே ஒரு சின்ன மாற்றத்தை ஏழு கமிட்டாக உடைத்துப் போட ஆரம்பித்துவிட்டோம், கஷ்டமான பக் (புரோகிராமில் பிழை) வந்தால் ஆளாளுக்கு நழுவினோம். எல்லாரும் சந்தேகம் கேட்கப் போகிற அக்கா ஒருவர் இருந்தார், நாங்கள் எழுதிய கோட் சரியா என்று ரிவ்யூ செய்வதிலேயே அவருக்குப் பாதி நாள் போகும், அவர் பெயர் கடைசியில். அப்புறம் அவரும் "மெசேஜ் போடு, பார்க்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் மேல் தப்பே இல்லை.

எண்ணுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணியதைப் பெயரோடு சுவரில் மாட்டுவதுதான் பெரிய தவறு. எங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள்: இன்றைக்கே கூடுதல் பால் வேண்டுமென்று கத்தியை ஆழமாக இறக்கினால் சிரட்டை நிறையும், ஆனால் உள்ளே மரம் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் சரியாக வெட்டவே முடியாது.

கோட் வரிகளை எண்ணுவது இன்னொரு தவறு. 1982-இல் ஆப்பிளில் லிசா என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவில் வாராவாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். அந்தக் குழுவின் புரோகிராமர் பில் அட்கின்சன் அந்த வாரம், திரையில் படம் வரையும் குவிக்டிரா புரோகிராமின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி வேகமாக்கியிருந்தார், அதில் சுமார் 2000 வரி குறைந்தும் போயிருந்தது. படிவத்தில் -2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

ஸ்டோரி பாயின்ட்டை (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீமே போடும் எண்) வைத்து இரண்டு டீமை ஒப்பிடவும் வேண்டாம், அடுத்த மாதமே 3 எல்லாம் 8 ஆகிவிடும்.

சரி, எதைப் பார்க்கலாம்? எழுதிய மாற்றம் பயனருக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது, போட்டதில் எவ்வளவு உடைகிறது, உடைந்ததைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று மொத்த டீமுக்கும் பாருங்கள். ஒருவரிடம் குறை இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடமே பேசுங்கள். கூடவே, இந்த வாரம் உனக்கு யார் உதவினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், எங்கள் அக்கா மாதிரி ஆட்களின் பெயர் அப்போதுதான் வெளியே வரும்.